ஐந்து நாடு, நான்கு மொட்டை

அத்தியாயம் 6

மோசடிக்காரன் பார்ப்பதற்கு அச்சு அசல் மோசடிக்காரனாகவே இருந்தான். எனக்கு அதுவே பெரிய ஏமாற்றம். வெள்ளைச் சட்டை, கழுத்தில் கம்பெனி அட்டை, முகம் பார்த்துத் தலை சீவலாம் போன்ற ஷூ. பைக் டாங்க்கின் மேல் ஒட்டகமே சுமக்க யோசிக்கும் அளவுக்கு ஒரு தோல் பை. கே.ஜி.கண்டிகை பஸ் நிறுத்தத்து டீக்கடையில் உட்கார்ந்து வடையை டீயில் நனைத்துத் தின்றுகொண்டிருந்தான்.

"அவன்தான் விஷ்ணு," என்றார் தேவகி மேடம், உதடு அசையாமல்.

"வடையை டீயில் முக்குகிறவனை நம்பவே கூடாது மேடம். கேஸ் முடிந்தது, வீட்டுக்குப் போகலாம்."

மேடம் என்னைப் பார்த்த பார்வையில் டீ ஆறிப்போயிற்று.

தேவகி மேடம் திருத்தணியின் ஒரே துப்பறியும் நிபுணர். மலைக்குப் போகும் சாலையில், பூஜை சாமான் கடைக்கு மாடியில் அலுவலகம். இருபது வருடம் இன்சூரன்ஸ் கம்பெனிக்காக, செத்ததாகச் சொல்லப்பட்டவர்கள் நிஜமாகவே செத்தார்களா என்று விசாரித்தவர். அவர் வாசலில் வந்து நின்றால் பிணமே எழுந்து வாக்குமூலம் கொடுக்கும்.

நான் விஜயராகவன், அவருடைய உதவியாளன். அரக்கோணம் ஸ்டேஷனில் முப்பத்தாறு வருடம் டிக்கெட் கொடுத்து ஓய்வு பெற்றவன். ஓய்வுக்குப் பிறகு என் வீட்டில் நிலவிய அமைதியைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். அடுத்த தெருவில் குக்கர் விசில் அடித்தால் நமக்குத்தான் யாரோ வந்துவிட்டார்கள் என்று எழுந்து போய்க் கதவைத் திறப்பேன். சம்பளம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்று மேடத்திடம் வேலைக்குச் சேர்ந்தேன். அந்தப் பரவாயில்லையை மேடம் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டார்.

முந்தின நாள்தான் இந்தக் கேஸ் வந்தது. கனடாவில் கல்கரி என்ற ஊரிலிருந்து கல்பனா என்றொரு பெண் போனில் பேசினாள். அவளுடைய அப்பா ஜெகநாதனுக்கு அறுபத்தொன்பது வயது. திருவாலங்காட்டுப் பக்கம் சாலையோரமாக நாலு ஏக்கர் கரும்பு. மனைவி இறந்து ஆறு வருடம். வெளிநாட்டில் இவ்வளவு முதலீடு செய்தால் அங்கே நிரந்தரமாகக் குடியிருக்கலாம் என்று ஒரு கம்பெனியின் ஏஜெண்ட் பதினோரு மாதமாக, வெள்ளிக்கிழமை தவறாமல், அவர் வீட்டுக்கு வந்து போகிறான். வருகிற திங்கட்கிழமை நாலு ஏக்கரும் மனை போடுகிறவருக்குப் பத்திரப்பதிவு. அந்தப் பணம் அப்படியே கடல் தாண்டிவிடும்.

"அவன் ஃப்ராடுன்னு எனக்குத் தெரியும் மேடம். ஆனா ஆதாரம் இல்லாம சொன்னா நைனா நம்பமாட்டாரு. அந்த நிலம் போச்சுன்னா அவருக்குன்னு ஒண்ணும் கிடையாது," என்றாள் கல்பனா.

இன்று வெள்ளிக்கிழமை.

நான் டீக்கடையில் விஷ்ணுவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். சட்டைப் பையிலிருந்து வெளிநாட்டுக் கறுப்புக் கண்ணாடி ஒன்றை எடுத்து மாட்டிக்கொண்டேன். அதில் ஒரு கண் கொஞ்சம் உடைந்திருந்தது. அது விஷ்ணுவின் கண்ணில் படாத பக்கம்.

"தம்பி, நெல்லூர்ல எனக்கு எண்பது ஏக்கர் இறால் பண்ணை. இந்த வெயில் ஒத்துக்கல. நல்ல ஒரு நாடாப் பார்த்து செட்டில் ஆகலாம்னு பார்க்கறேன். உங்க கம்பெனி அதெல்லாம் பண்ணுதாமே?"

அவன் பையைத் திறந்தான். வண்ண வண்ணப் புத்தகங்கள் சரிந்தன. கிரீஸில் வீடு வாங்கும் திட்டம், போர்ச்சுகலில் நிதியில் போடும் திட்டம், மால்டா, துபாய், சைப்ரஸ். எல்லா அட்டையிலும் ஒரே நீலக் கடல், ஒரே தம்பதி. அந்தத் தம்பதி ஐந்து நாட்டிலும் அதே பழத்தைத் தின்றுகொண்டிருந்தார்கள்.

"அங்க உங்களுக்குச் சொந்தக்காரங்க இருக்காங்களா சார்?" என்று கேட்டான்.

"யாரும் இல்லை."

"பிள்ளைங்க?"

"ஒரு பையன். புனேயில் இருக்கான்." இதை மட்டும் நான் நிஜமாகவே சொல்லிவிட்டேன்.

விஷ்ணு புத்தகங்களை மெதுவாக அடுக்கி மறுபடி பைக்குள் வைத்தான். "அப்போ வேண்டாம் சார். இந்த வயசுல தெரியாத ஊர்ல தனியா உட்கார்ந்துட்டு இருக்கறது கொடுமை. இது சின்ன வயசுக்காரங்களுக்கு, பிசினஸ் பண்றவங்களுக்கு. நீங்க ஊட்டியில ஒரு வீடு பாருங்க."

முப்பத்தாறு வருடத்தில் என் கவுண்டருக்கு வந்தவர்களிடம் 'அந்த ஊருக்குப் போகாதீர்கள்' என்று நான் ஒரு முறைகூடச் சொன்னதில்லை. உடைந்த கண்ணாடி வழியாக மேடத்தைத் தேடினேன். மேடம் ஏற்கெனவே எதிரில் வந்து உட்கார்ந்திருந்தார்.

"இப்படிச் சொன்னா உங்க கம்பெனியில திட்ட மாட்டாங்களா தம்பி?"

"திட்டறாங்கம்மா." அவனுக்கும் யாரிடமாவது சொல்லி அழ வேண்டும்போல் இருந்திருக்கிறது. "ஒரு பெரியவர். பதினோரு மாசமா ஒரே கேஸ். அஞ்சு நாடு பார்த்தாச்சு. ஒவ்வொண்ணும் கடைசி நேரத்துல நின்னு போகும். எல்லாம் போட்டோவால."

"போட்டோவாலயா?"

"மனுவோட புது போட்டோ வைக்கணும். அது பாஸ்போர்ட்ல இருக்கற முகம் மாதிரி இருக்கணும்கறது எங்க ஹெட் ஆபீஸ் பிடிவாதம். பாஸ்போர்ட்ல அவருக்குக் காடு மாதிரி முடி, கிடா மீசை. போட்டோ எடுக்கற அன்னிக்கு வந்து நிப்பார், மழமழன்னு மொட்டை. கேட்டா வேண்டுதல்ம்பார். சாமி விஷயத்துல நான் என்ன சொல்றது? முடி வளர ரெண்டு மூணு மாசம் காத்திருப்போம். அதுக்குள்ள அவருக்கு அந்த நாடு பிடிக்காமப் போயிடும்."

"இப்போ?"

"இந்தத் தடவை சைப்ரஸ். போன வாரம் சொல்லாம கொள்ளாம என் செல்லுலயே எடுத்துட்டேன். முடி நல்லா வளர்ந்திருந்தது. ஹெட் ஆபீஸ்ல ஓகே ஆயிடுச்சு." அவன் சிரிக்கவில்லை. "மேனேஜர் திங்கக்கிழமை வரைக்கும் டைம் கொடுத்திருக்கார். அன்னிக்கு முடியலைன்னா ஃபைலை மூடிட்டு என்னைக் கோயம்புத்தூருக்கு மாத்திடுவாங்க. அதைப் பெரியவர்கிட்ட சொன்னேன். அப்படியே கொஞ்ச நேரம் பார்த்துட்டு, சரி, நிலத்தை வித்துடறேன்னுட்டார்."

அவனுக்கு இன்னொரு வாடிக்கையாளரைப் பார்க்க வேண்டியிருந்தது. ஒரு மணிக்குத்தான் திருவாலங்காட்டுக்குப் போவானாம். பைக் புகை மறைந்ததும் மேடம் எழுந்தார்.

"அவன் மோசடி இல்லை சார்."

"எப்படிச் சொல்றீங்க?"

"தூண்டில் போடறவன் மீனைப் பார்த்து, போய் வேற வேலை இருந்தா பாரும்பானா?"

"அப்போ யார் மேடம் மோசடி?"

"இன்னும் ஒரு தலையைப் பார்க்கணும். நாலு தலை."

என் ஸ்கூட்டர் திருத்தணிக்குள் நுழைந்தபோது கண்ணுக்கெட்டிய தூரம் மொட்டைகள். குழந்தை மொட்டை, மாப்பிள்ளை மொட்டை, சந்தனம் பூசிய மொட்டை, சந்தனம் காய்ந்து வெடித்த மொட்டை. ஒரு லட்சம் மொட்டை இருக்கும் என்று நான் சொல்வேன். மேடம் நாற்பது என்பார். இந்த ஊரில் ஒருவன் தலையை மழித்துக்கொண்டு நடந்தால் அவனை அவன் நிழல்கூடத் திரும்பிப் பார்க்காது.

மலையடிவாரத்தில் உதயாவின் ஸ்டுடியோ. மேடத்தின் கல்யாண விசாரணைகளுக்கெல்லாம் படம் போட்டுத் தருபவர். விஷ்ணு தன் ஆட்களைக் கூட்டி வருவதும் அங்கேதான்.

"ஜெகநாதன் பெரியவரா? ஆங், நாலு தபா எடுத்துகீறேன்," என்றார் உதயா. "பாவம், அந்த ஏஜெண்டுப் பையன் ஒவ்வொரு தபாவும் தலையில கை வெச்சிகினு குந்திடுவான்."

கம்ப்யூட்டர் திரையில் நாலு ஜெகநாதன்கள் வரிசையாக நின்றார்கள். நாலும் ஒரே கட்டம் போட்ட சட்டை. நாலும் புத்தம்புது மொட்டை. ஒரு படத்தில் காதோரம் சந்தனம் ஈரம்கூடக் காயவில்லை. மேடம் மூக்கு திரையில் இடிக்கும் அளவுக்குக் குனிந்து பார்த்தார்.

"சார், நம்ம ஊர்ல வேண்டுதலுக்கு மொட்டை எப்ப போடுவாங்க?"

"வேண்டினது நடந்ததும் போடுவாங்க. பையன் பாஸானதும், குழந்தை பிறந்ததும்."

"நடக்கறதுக்கு முன்னாடி?"

"யாராவது கடனைத் திருப்பி வாங்கிட்டுக் கடன் கொடுப்பாங்களா மேடம்? நடந்த பிறகுதான்."

"இவர் நாலு தடவை போட்டிருக்கார். அப்போ நாலு தடவை வேண்டினது நடந்திருக்கணும். என்ன நடந்தது?"

நான் விரல் விட்டேன். "கிரீஸ் நடக்கலை. போர்ச்சுகல் நடக்கலை. மால்டா நடக்கலை. துபாயும் நடக்கலை. ஒண்ணுமே நடக்கலையே மேடம்."

"அதுதான் வேண்டுதல்," என்றார் மேடம்.

உதயா மவுஸிலிருந்து கையை எடுத்தார். ஸ்டுடியோவுக்கு வெளியே படிக்கட்டுப் பக்கமிருந்து அரோகரா கேட்டது.

"இன்னொண்ணும் இருக்கு," என்று மேடம் ஸ்கூட்டரில் ஏறும்போது சொன்னார். "அஞ்சு நாடு பார்த்திருக்கார். பொண்ணு இருக்கற நாட்டைப் பார்க்கவே இல்லை. தனியா இருக்கற மனுஷன் குடி போறதுக்கு நாடு தேடினா முதல்ல எதைத் தேடுவார்?"

திருவாலங்காடு போகிற வழி நெடுக எனக்கு ஒரு ஜோக்கும் வரவில்லை. மேடம் அதைக் கவனித்து, "உடம்பு சரியில்லையா சார்?" என்று கேட்டார்.

ஜெகநாதனின் வீடு கரும்புத் தோட்டத்தின் விளிம்பில் தனியாக இருந்தது. பக்கத்து வீடு என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமென்றால் தொலைநோக்கி தேவைப்படும். கதவு திறந்திருந்தது. அவர் அடுக்களையிலிருந்து கரண்டியோடு வெளியே வந்தார். முகத்தில் சிரிப்பு தயாராக இருந்தது. எங்களைப் பார்த்ததும் அது என்ன செய்வதென்று தெரியாமல் நின்றது.

"விஷ்ணு வர இன்னும் அரை மணி இருக்குங்க," என்றார் மேடம். "நாங்க உங்க பொண்ணு அனுப்பின ஆளுங்க. உட்காரலாமா?"

"கல்பனாவா? ஆங், உக்காருங்க, உக்காருங்க. சாப்பிட்டீங்களா? நெறைய ஆக்கிகீறேன்."

கூடத்து மேஜையில் ஐந்து நாடுகளும் பிளாஸ்டிக் உறையில் அடுக்கியிருந்தன. பதினோரு மாதம் புரட்டியவர் வீட்டில் ஒரு பக்கமாவது மடங்கியிருக்க வேண்டும். ஒன்றும் மடங்கவில்லை. சுவர்க் காலண்டரில் வெள்ளிக்கிழமைகளைச் சுற்றி வட்டம். சாப்பாட்டுக்கு இரண்டு தட்டு கழுவிக் கவிழ்த்திருந்தது.

"பெரியவரே, கிரீஸில அரிசி கிடைக்குமா?" என்று மேடம் கேட்டார்.

"தெரியலியே."

"மால்டாவில குளிரா, வெயிலா?"

அவர் கரண்டியைப் பார்த்தார்.

"பதினோரு மாசம் நாடு தேடின மனுஷன் இதைக்கூடக் கேட்கலை. விஷ்ணுகிட்ட நீங்க கேட்டதெல்லாம், இன்னும் ஒரு காகிதம் கொண்டா, அடுத்த வாரம் பேசலாம். போட்டோ எடுக்கற அன்னிக்குக் காலையில மலைக்குப் போய் முடி கொடுத்துட்டு வந்துடுவீங்க. நாலு தடவை. நீங்க எங்கயும் போறதா இல்லை. அவன் வர்றது நிக்கக் கூடாது. அவ்வளவுதானே?"

இன்சூரன்ஸ் கேஸ்களில் இந்த இடத்தில் ஆட்கள் கத்துவார்கள், இல்லாவிட்டால் மயங்கி விழுவார்கள். ஜெகநாதன் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"முருகனுக்குத் தெரியும்னு நெனச்சேன். உனுக்கும் தெரிஞ்சிடுச்சா," என்றார். "மொதல் தபா வந்தப்ப அவன் மூணு மணி நேரம் குந்திகினு பேசினாம்மா. மோரு கேட்டு வாங்கிக் குடிச்சான். எம் பொண்டாட்டி போனப்புறம் இந்த வீட்டுல யாரும் மோரு கேக்கல. வேணாம்னு சொல்லிட்டா அடுத்த வாரம் வருவானா? வேணும்னு சொல்லிட்டாலும் வேல முடிஞ்சுதுன்னு போய்டுவான். அதான் ரெண்டும் சொல்லாம வெச்சிகினு இருந்தேன்."

"கனடாவுக்குப் போயிருக்கலாமே?" என்று நான் கேட்டேன்.

"போனேனே. நாலு மாசம். அவ ஆஸ்பத்திரி வேலைக்குப் போய்டுவா. மாப்ள பதினஞ்சு நாள் எண்ணெக் கிணத்துல, பதினஞ்சு நாள் வூட்டுல. நான் ஜன்னல்ல பனிய பாத்துகினு குந்தியிருப்பேன். அங்க ஒரு ரூமுல தனி. இங்க ஒரு வூடு பூரா தனி. இது கொஞ்சம் காத்தாடும், அதான் வந்துட்டேன்."

"சரி," என்றார் மேடம். "திங்கக்கிழமை கையெழுத்துப் போட்டா, அப்புறம் எத்தனை வெள்ளிக்கிழமை வருவான்?"

"ஃபைல் முடிய ஆறு மாசம் ஆவும்னான்."

"இருபத்தாறு. நாலு ஏக்கருக்கு இருபத்தாறு வெள்ளிக்கிழமை. அப்புறம்?"

நான் விற்காத டிக்கெட் கிடையாது. இவ்வளவு குறைந்த தூரத்துக்கு இவ்வளவு விலை கொடுத்து வாங்கிய பயணியை நான் பார்த்ததில்லை.

"உங்க பொண்ணுகிட்ட நான் அறிக்கை கொடுத்தாகணும். அதுக்கு முன்னாடி அந்தப் பையன்கிட்ட நீங்க சொல்லிடறது நல்லது," என்றார் மேடம்.

பைக் சத்தம் கேட்டது. ஜெகநாதன் வழக்கமான சிரிப்போடு எழுந்து பாதி தூரம் போய், அதை முகத்திலிருந்து தானாகவே எடுத்துவிட்டு நின்றார்.

விஷ்ணு உள்ளே வந்து எங்களைப் பார்த்தான். "நெல்லூர் சார், நீங்களா?"

"நெல்லூர்ல எனக்கு ஒரு இறால்கூட இல்லை தம்பி," என்றேன்.

"விஷ்ணு," என்றார் பெரியவர். "நான் நிலத்த விக்கல. எந்த நாட்டுக்கும் போவல. எப்பவுமே போறதா இல்ல. மொட்ட அடிச்சதெல்லாம் அதுக்குத்தான். நீ வரணும்னுதான் ஆட்டிப் படைச்சேன்."

விஷ்ணு தோல் பையைத் தரையில் வைத்தான். மோர் கேட்டுக் குடித்த பிள்ளை, கட்டிப்பிடித்து அழுவான் என்று நான் எதிர்பார்த்தேன். கதையில் அப்படித்தான் நடக்கும்.

"பதினோரு மாசம்," என்றான் அவன். குரல் உயரவில்லை. "வாராவாரம் மேனேஜர் எல்லார் முன்னாடியும் நிக்க வெச்சுக் கேட்பார், உன் மொட்டை என்னடா ஆச்சுன்னு. எங்கம்மாவுக்குக் கண் ஆபரேஷன்னப்போகூட இந்த ஃபைலுக்காக நான் லீவு போடலை. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா சும்மாவே வந்துட்டுப் போயிருப்பேனே."

"வந்திருப்பியா?"

விஷ்ணு பதில் சொல்ல யோசித்தான். யோசித்ததே பதிலாகப் போயிற்று. அது அவனுக்கும் தெரிந்தது, பெரியவருக்கும் தெரிந்தது.

ஐந்து நாடுகளையும் எடுத்துப் பைக்குள் திணித்தான். "ஃபைலை இன்னிக்கே மூடிடறேன்."

"சாப்டுட்டுப் போ."

"வேண்டாங்க."

பைக் சாலையைத் தொட்டு, திரும்பி, கரும்புக்குப் பின்னால் மறைந்தது. சத்தம் தேய்ந்து முடியும்வரை ஜெகநாதன் வாசலில் நின்றார். பிறகு செல்லை எடுத்து மனை போடுகிறவருக்குப் பேசினார். "நிலம் இல்லீங்க. ஆங், திங்கக்கெழம வரவேணாம். இல்ல, வெலைக்காக இல்ல." அவ்வளவுதான். நாலு ஏக்கர் தப்பியது. தப்பியதற்கு அந்த வீட்டில் யாரும் மகிழ்ந்ததாகத் தெரியவில்லை.

மேடம் கல்பனாவை அழைத்து ஸ்பீக்கரில் போட்டார். கல்கரியில் அப்போது நள்ளிரவு தாண்டியிருந்தது. ஒரே மணியில் எடுத்துவிட்டாள்.

"ஷிப்ட் முடிஞ்சு இப்பதான் வந்தேன் மேடம். அவன் ஃப்ராடுதானே?"

"இல்லைம்மா. அவன் நேர்மையானவன். நிலம் விக்கலை. மிச்சத்தை அப்பாவே சொல்வார்."

அப்பா சொன்னார். என்னிடம் சொன்னதில் கால்வாசிகூட இல்லை. மோரைச் சொன்னார், மொட்டையைச் சொன்னார், பனியைச் சொல்லாமல் விட்டுவிட்டார். லைன் போய்விட்டதென்று நான் செல்லை எட்டிப் பார்த்தேன். நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன.

"என்கிட்ட சொல்லியிருக்கலாம் இல்ல நைனா?"

"சொன்னா நீ பணம் அனுப்புவே. வேலைக்கு ஆள் வெப்பே. அவன் சம்பளத்துக்குக் குந்தியிருப்பான்."

"நான் என்ன பண்ணட்டும்? சொல்லு."

"ஒண்ணும் பண்ணாத. மணி இன்னா ஆவுது உனுக்கு, போய்த் தூங்கு."

"இன்னும் சாப்பிடலை."

"நானும் இன்னும் சாப்பிடல."

மேடம் என் முழங்கையைத் தொட்டார். எனக்கு அங்கே சாப்பிட வேண்டும்போல் இருந்தது. அடுக்களையிலிருந்து வந்த முருங்கைக்காய் சாம்பார் வாசனை ஏழு ஊரைக் கூட்டும். ஆனால் எழுந்துவிட்டேன். ஜெகநாதன் எங்களைக் கவனிக்கவில்லை. தண்ணீர்ச் சொம்பின் மேல் செல்லைச் சாய்த்து வைத்தார். ஒரு தட்டை மட்டும் நிமிர்த்திச் சோறு போட்டுக்கொண்டார்.

"வெச்சுடாத," என்று கல்பனாவின் குரல் சொன்னது. "பேச வேண்டாம். சும்மா அப்படியே இருக்கட்டும்."

"ஆங்."

நாங்கள் செருப்பு மாட்டும்போது உள்ளே பேச்சே இல்லை. ஸ்கூட்டரைக் கிளப்பப் போன கையை மேடம் தடுத்தார். நின்று கேட்டோம். செல்லுக்குள்ளிருந்து, கனடாவில் ஒரு மேஜை மேல், ஒரு தட்டை வைக்கிற சத்தம் வந்தது.